ரப்பர் சிரட்டைக்கு மூடி கண்டுபிடித்தவர் காப்புரிமை வாங்குவது எப்படி?

மழை பிடித்தால் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால்வெட்டு தடைபடும். பால் சேர மரத்தில் கட்டியிருக்கும் சிரட்டைக்குள் தண்ணீர் விழுந்து பால் கெட்டுப்போகும். மழைநீர் பட்டதும் தானாகச் சாய்ந்து சிரட்டையை மூடுகிற ஒரு மூடியை நீங்கள் செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்தே படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: யாரிடமும் காட்டாதீர்கள். யூடியூப், வாட்ஸ்அப் குரூப், மார்த்தாண்டம் சந்தை, எங்கும் வேண்டாம். விண்ணப்பிக்கும் முன் ஊரறியக் காட்டினால் காப்புரிமைக்குத் தேவையான புதுமை போயிற்று. உங்கள் வீடியோவே உங்களுக்கு எதிரான சாட்சி ஆகிவிடும். லேத் பட்டறையில் செய்யக் கொடுத்தால், வெளியே சொல்லமாட்டேன் என்று எழுதி வாங்குங்கள். பட்டறைக்காரர் உங்கள் மச்சானாக இருந்தாலும் சரி.

படி 2: தேடுங்கள். கூகுள் பேட்டன்ட்ஸிலும் காப்புரிமை அலுவலக இணையதளத்திலும் தேடக் காசு இல்லை. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி விவசாய முறைக்குக் காப்புரிமை கிடையாது, கருவிக்கு உண்டு. அதனால் 'மழையில் பால் வெட்டும் முறை' என்று போகாமல், மூடியைப் பற்றியே எழுதுங்கள்.

படி 3: தற்காலிக விண்ணப்பம். மாதிரி முழுமையாகாவிட்டாலும் இதைப் போடலாம். தனிநபருக்கு ஆன்லைனில் கட்டணம் 1,600 ரூபாய். கிண்டியில் இருக்கும் அலுவலகத்துக்காக ரயில் ஏற வேண்டியதில்லை. ஆனால் ஆவணம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும். தமிழில் கொடுக்க முடியாதது எனக்கு எரிச்சல்தான். அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் போட வேண்டும். தவறினால் கைவிட்டதாகக் கருதப்படும்.

படி 4: உரிமைக்கோரிக்கை. கண்டுபிடிப்பில் எதெல்லாம் உங்களுக்கே உரியது என்று சொல்லும் பகுதி இது; முழு விண்ணப்பத்தின் உயிர் இங்கேதான். '3 அங்குல இரும்புக் கீல் வைத்த மூடி' என்று எழுதினால், பக்கத்து ஊர்க்காரர் நைலான் கயிற்றில் அதையே கட்டித் தொங்கவிட்டு விற்பார். உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. 'மரத்தைச் சுற்றிய பட்டையில் அசையும்படி பொருத்தி, ஒரு பக்கம் நீர் தேங்கும் குழி வைத்து, அந்த எடையில் சாய்ந்து கலத்தை மூடும் மூடி' என்று எழுதினால் கயிறும் உள்ளே வந்துவிடும். ரொம்பவும் அகலமாக எழுதினாலோ பழைய கண்டுபிடிப்பு ஏதாவது குறுக்கே வந்து நிற்கும். இந்த ஒரு இடத்துக்காவது காப்புரிமை முகவரிடம் காசு கொடுப்பது வீணில்லை.

படி 5: பரிசோதனை. விண்ணப்பம் போட்டால் தானாகப் பரிசோதிப்பார்கள் என்று நினைக்காதீர்கள். முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் படிவம் 18 கொடுத்து, 4,000 ரூபாய் கட்டிக் கேட்க வேண்டும். ஆட்சேபம் வரும், பதில் எழுதுங்கள். கிடைத்தால் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு. மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுக் கட்டணம் உண்டு.

படி 6: பணம். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினால் காசு வராது. விட்டு விட்டு இயங்கும் கார் வைப்பரைக் கண்டுபிடித்த ராபர்ட் கியர்ன்ஸ், தன் காப்புரிமையை மீறியதாக ஃபோர்டு கார் கம்பெனி மீது 1978இல் வழக்குப் போட்டார். 1 கோடி டாலருக்குச் சற்று மேல் கைக்கு வந்தது 1990இல். நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்தில் நீங்களும் வழக்குப் போடலாம். ஆனால் எதிராளி 'இந்தக் காப்புரிமையே செல்லாது' என்று எதிர்மனு போட்டால் அது உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

அதைவிட, தயாரிக்கிறவருக்கு உரிமம் கொடுப்பதே மேல். மூடி ஒன்றுக்கு இத்தனை ரூபாய், விற்றாலும் விற்காவிட்டாலும் வருடத்துக்குக் குறைந்தது இவ்வளவு, கணக்குப் புத்தகத்தைப் பார்க்க உங்களுக்கு உரிமை: மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். எழுத்தில் இல்லாத உரிமம் சட்டப்படி செல்லாது; எழுதியதைக் காப்புரிமை அலுவலகப் பதிவேட்டிலும் ஏற்றிவிடுங்கள்.