இட்லி சாஃப்ட்டா வரலையா? மொதல்ல உளுந்த கவனிங்க

இட்லி கெட்டியா வந்துச்சுன்னா எல்லாரும் அரிசிய தான் குத்தம் சொல்றாங்க, அப்புறம் சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டு பாக்கறாங்க, அடுத்த தடவ அவல், அதுக்கடுத்து ஜவ்வரிசி, யாரோ சொன்னாங்கன்னு ஆமணக்கு விதை வரைக்கும் போயிடறாங்க. எதுக்குங்க இதெல்லாம்? நல்ல உளுந்தா வாங்கி அத ஒழுங்கா ஆட்டினாலே முக்காவாசி பிரச்சனை தீந்துடும். அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு, அவ்ளோ தான்.

உளுந்து ஏன் இவ்ளோ முக்கியம்னா, அரிசியிலயும் உளுந்துலயும் ஏற்கனவே ஒட்டிக்கிட்டு இருக்கற பாக்டீரியா தான் மாவ புளிக்க வைக்குது, லியூகோனோஸ்டாக்னு ஒரு வகை அதுல முக்கியமானது. அது விடற காத்த வெளிய போகாம புடிச்சு வைக்கறது உளுந்துல இருக்கற புரதமும் அந்த வழுவழுப்பும் தான். உளுந்து சரியில்லன்னா மாவு புளிக்கும், ஆனா பொங்காது. புளிப்பு வாசனை வருது, இட்லி மட்டும் தட்டையா இருக்குன்னா காரணம் பெரும்பாலும் இது தான்.

அதனால கடையில ரொம்ப நாளா கெடந்த உளுந்த வாங்காதீங்க, பாக்கெட்ல தேதி பாருங்க. தோல் நீக்குன முழு உளுந்தா இருக்கணும். புது உளுந்துன்னா 4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் போதும், சுமாரான உளுந்துன்னாலோ மிக்ஸில அரைக்கறீங்கன்னாலோ 3 டம்ளருக்கு 1. வெந்தயம் ஒரு டீஸ்பூன், அதுக்கு மேல போட்டா கசப்பு தட்டும்.

ரெண்டையும் ஒண்ணா போட்டு ராத்திரி பூரா ஊற வைக்கறது நெறைய வீட்ல நடக்குது. அரிசிக்கு 4, 5 மணி நேரம் வேணும், உளுந்துக்கு ஒரு மணி நேரம் போதும், ரொம்ப ஊறிடுச்சுன்னா ஆட்டும்போது மாவு உப்பி காண்றது கொறஞ்சுடும். உளுந்த கழுவிட்டு ஊற வைங்க, வெயில் காலத்துல ஃப்ரிட்ஜ்லயே ஊறட்டும், அந்த தண்ணியவே தெளிச்சு ஆட்டுங்க.

ஆட்டறது தான் இதுல பெரிய வேலை. கிரைண்டர்ல போட்டுட்டு ஒரேயடியா தண்ணிய ஊத்திட்டு போயிடக்கூடாது, பக்கத்துலயே நின்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கையால தெளிச்சு தெளிச்சு 25, 30 நிமிஷம் ஓட விடணும். மாவு மெல்ல மெல்ல உப்பி மேல ஏறும், தொட்டா கையில கனமே தெரியாது. ஒரு டம்ளர் தண்ணியில ஒரு சொட்டு விட்டு பாருங்க, மிதந்தா வழிச்சிடலாம், அடியில போய் உக்காந்தா இன்னும் ஆட்டணும். மிக்ஸின்னா சூடு தான் எதிரி, ஐஸ் தண்ணி ஊத்துங்க, நடுவுல நிறுத்தி நிறுத்தி அரைங்க.

அரிசி இவ்ளோ நைஸா வேண்டாம், மெல்லிசா ரவை பதத்துல எடுங்க. நைஸா அரைச்சா இட்லி பிசுபிசுன்னு வாயில ஒட்டும்.

ரெண்டு மாவையும் ஒண்ணா சேத்து, கல் உப்பு போட்டு கையால அடி வரைக்கும் நல்லா கலந்து, பாத்திரத்துல பாதி எடம் விட்டு வைங்க. எத்தன மணி நேரம்னு கேக்காதீங்க, அது ஊர பொறுத்தது. சென்னையில மே மாசம் 6, 7 மணி நேரத்துலயே பொங்கிடும், ஊட்டி குளிர்ல 12 மணி நேரத்துக்கு மேல ஆகும், வெளிநாட்டுல இருக்கறவங்க ஓவன்ல லைட்ட மட்டும் போட்டு உள்ள வைக்கலாம். மாவு ரெண்டு மடங்கு ஏறிடுச்சா, ஓரத்துல கரண்டிய விட்டா உள்ள குமிழ் குமிழா இருக்கா, அத பாருங்க.

அப்படி பொங்குன மாவ கரண்டிய விட்டு கடகடன்னு கலக்கறத பாத்தா எனக்கு மனசே கேக்காது, அவ்ளோ நேரம் சேந்த காத்து மொத்தமும் போயிடும். ஓரத்துல இருந்து அப்படியே மெதுவா அள்ளி தட்டுல ஊத்துங்க. மொத நாள் மாவு இட்லிக்கு, மறுநாள் தோசைக்கு, அதுக்கப்புறம் பணியாரம், ஊத்தப்பம்னு வச்சுக்கலாம்.

தண்ணி நல்லா கொதிச்சு ஆவி வந்தப்புறம் தான் தட்ட உள்ள வைக்கணும். 10, 12 நிமிஷம் தான், இன்னும் கொஞ்சம் வேகட்டும்னு விட்டா காஞ்சு போய் மேல வெடிப்பு விழும். விரல தண்ணியில நனைச்சு தொட்டு பாருங்க, ஒட்டலன்னா எறக்கிடலாம். எறக்குன உடனே நோண்டாம ரெண்டு நிமிஷம் விட்டு, ஈர ஸ்பூனால எடுங்க. துணி போட்டு ஊத்துறவங்க கவுத்து வச்சு துணி மேல கொஞ்சம் தண்ணி தெளிச்சு உரிச்சா பிய்யாம வரும். ஹாட்பேக்ல போடறதா இருந்தா அடியில ஒரு துணி விரிச்சிடுங்க, இல்லன்னா ஆவி தண்ணியாகி கீழ இருக்கற இட்லி நசநசன்னு ஆயிடும்.