கட்சிப் பதிவு முதல் தேர்தல் சின்னம் வரை: புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

"கட்சியைப் பதிவு செய்துவிட்டோம், சின்னம் எப்போது வரும்?" எங்கள் பகுதியில் நண்பர்கள் தொடங்கிய ஒரு சிறு கட்சிக்கான பதிவு வேலையை முன்னின்று முடித்துக் கொடுத்ததிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சின்னம் தானாக வராது. ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்கும் தனியாக, உரிய காலத்துக்குள் விண்ணப்பித்து வாங்க வேண்டும். இதை அறியாமல் சுவரெல்லாம் சின்னம் வரைந்துவிட்டு, வேட்புமனுத் தாக்கல் நேரத்தில் கைபிசைந்து நிற்கும் தொண்டர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கொள்கை, கொடி, தலைவர் தேர்வு பற்றி இங்கே எதுவும் இல்லை. காகித வேலை மட்டும்தான். அதில் பதிவு, அங்கீகாரம், சின்னம் என்று மூன்று வாசல்கள் உண்டு. பதிவு என்பது 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 29ஏ-இன்படி நடப்பது. அங்கீகாரமும் (தேர்தலில் போதிய வாக்கோ இடமோ பெற்ற கட்சிக்குக் கிடைக்கும் தகுதி) சின்னமும் 1968-ஆம் ஆண்டின் தேர்தல் சின்னங்கள் ஆணையின்படி நடப்பவை. பதிவு இருந்தும் அங்கீகாரம் இல்லாத கட்சிகள்தான் நாட்டில் மிகப் பெரும்பான்மை. நீங்கள் தொடங்கப்போவதும் அப்படிப்பட்ட ஒரு கட்சியைத்தான். அதை 'லெட்டர்பேடு கட்சி' என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். இன்று அங்கீகாரத்தோடு இருக்கும் கட்சிகளில் பலவும் அந்த நிலையைக் கடந்து வந்தவையே.

படி 1: அமைப்பு விதிகள்

முதலில் கட்சியின் அமைப்பு விதிகளை எழுதி முடியுங்கள். உங்கள் கட்சி அரசமைப்புச் சட்டத்திடமும், சமதர்மம், மதச்சார்பின்மை, மக்களாட்சி ஆகிய கோட்பாடுகளிடமும் உண்மையான பற்று கொண்டிருக்கும், இந்தியாவின் இறையாண்மையையும் ஒற்றுமையையும் ஒருமைப்பாட்டையும் காக்கும் என்ற உறுதிமொழி அதில் தனி விதியாக இருக்க வேண்டும். 29ஏ(5)-இல் உள்ள வாசகத்தை ஒரு சொல்கூட மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடுங்கள். இந்த ஒரு விதியில் மட்டும் உங்கள் தமிழ் நடையழகைக் காட்ட வேண்டாம்.

அமைப்புத் தேர்தல் அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும், பதிவான 5 ஆண்டுகளுக்குள் தேர்தல் ஆணையம் நடத்தும் ஏதேனும் ஒரு தேர்தலில் கட்சி போட்டியிடும் என்பனவும் இருக்க வேண்டும். வேறு கட்சியோடு இணைவதும் கட்சியைக் கலைப்பதும் எப்படி என்ற நடைமுறையையும் சேர்த்துவிடுங்கள். தொடங்கும்போதே கலைப்பதைப் பற்றி எழுதுவதா என்று பொதுக்குழுவில் ஒரு பெரியவர் முகம் சுளிப்பார். பொறுமையாக விளக்குங்கள். தமிழில் எழுதினால் ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவை. ஒவ்வொரு பக்கத்திலும் தலைவர் அல்லது பொதுச்செயலாளரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும்.

படி 2: நூறு பேர், நூறு பிரமாணப் பத்திரம்

எங்களை அதிகம் அலைக்கழித்தது இந்தப் படிதான். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று விளக்குகிறேன்.

குறைந்தது 100 உறுப்பினர்கள் பதிவு பெற்ற வாக்காளர்களாக இருக்க வேண்டும். நிர்வாகிகள் அனைவரும் இதில் அடக்கம். ஒவ்வொருவரும் 'நான் வாக்காளர், வேறு எந்தப் பதிவு பெற்ற கட்சியிலும் உறுப்பினர் அல்ல' என்று நோட்டரி முன்னிலையில் தனித்தனியாக உறுதிமொழிப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். கூடவே, நடப்பு வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கும் பகுதியின் சான்றிட்ட நகலும் வேண்டும்.

எளிதாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஒரு பத்திரத்தையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்திரத்தில் 'மு. செல்வம்' என்றிருக்கும், பட்டியலில் 'செல்வம் முத்துசாமி' என்றிருக்கும். ஒருவருக்குக் கல்யாணத்துக்கு முந்தைய முகவரி, இன்னொருவருக்குத் தந்தை பெயரில் ஓர் எழுத்துப் பிழை. இதையெல்லாம்விடத் தொல்லை தருவது பாகம் எண்ணும் வரிசை எண்ணும். ஆண்டுதோறும் நடக்கும் திருத்தத்துக்குப் பிறகு இந்த எண்கள் மாறிவிடும். பழைய பட்டியலைப் பார்த்து நூறு பத்திரமும் தட்டச்சு செய்த பிறகு புதுப் பட்டியல் வெளியானால், நூறையும் மறுபடி தொட வேண்டியதுதான்.

இதில் காலக்கெடு வேறு இருக்கிறது. கட்சி தொடங்கிய தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் விண்ணப்பம் டெல்லியில் ஆணையத்தின் கையில் இருக்க வேண்டும். அதனால் என் யோசனை, தொடக்கக் கூட்டத்துக்குத் தேதி குறிக்கும் முன்பே 100 பேரின் வாக்காளர் விவரத்தையும் சரிபார்த்து முடித்துவிடுங்கள். பத்திரத்தில் கையெழுத்து மட்டும் கூட்டத்துக்குப் பிறகு வாங்கினால் போதும். நூறோடு நிற்காமல் கூடுதலாகச் சிலரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் ஒருவர் வெளியூர் போய்விடுவார், இன்னொருவர் பழைய கட்சியின் உறுப்பினர் அட்டையைக் காட்டுவார்.

எதில் எழுதி வைப்பது என்று கேட்டால் எக்செல்தான் என்பேன். பெயர் பட்டியலில் உள்ளபடி, பெயர் பத்திரத்தில் உள்ளபடி, வாக்காளர் அட்டை எண், தொகுதி, பாகம் எண், வரிசை எண், பார்த்த தேதி என்று ஏழு பத்திகள் போதும். பெயருக்குரிய இரண்டு பத்திகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். வாட்ஸப் குழுவில் அட்டைப் படங்களை அனுப்பச் சொல்லித் தொகுப்பதை நான் ஏற்கவே மாட்டேன். பாதி மங்கலாக வரும், பிறருடைய விவரமும் ஊரெல்லாம் சுற்றும். வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதுவதே நல்லது. கட்சி வேலையும் அதுதானே.

படி 3: அனுப்புவது, காத்திருப்பது

கட்சியின் லெட்டர்பேடில் விண்ணப்பம், 10,000 ரூபாய்க்கு டி.டி., மேற்சொன்ன கட்டுகள், ஆணையம் தரும் சரிபார்ப்புப் பட்டியல். பதிவுத் தபாலில் அனுப்பலாம், நேரிலும் கொடுக்கலாம். மதத்தையோ சாதியையோ சுட்டும் பெயரும், இருக்கும் கட்சியின் பெயரை ஒத்த பெயரும் நிற்காது.

ஆவணங்கள் சரி என்று தெரிந்ததும், இரண்டு தேசிய நாளிதழ்களிலும் இரண்டு உள்ளூர் நாளிதழ்களிலும் இரண்டு நாட்கள் அறிவிப்பு வெளியிடச் சொல்வார்கள். ஆட்சேபம் தெரிவிக்க 30 நாட்கள். இந்த விளம்பரச் செலவை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள், விண்ணப்பக் கட்டணத்தைவிட இது கடிக்கும். மொத்தம் எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று: தமிழக வெற்றிக் கழகம் 2024 பிப்ரவரி 2 அன்று அறிவிக்கப்பட்டது, அது பதிவு பெற்ற செய்தி செப்டம்பரில்தான் வந்தது. தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது கட்சி தொடங்குவோர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

படி 4: பொதுச் சின்னம்

அங்கீகாரம் இல்லாத கட்சிக்கு நிரந்தரச் சின்னம் கிடையாது. ஆனால் சின்னங்கள் ஆணையின் 10பி பத்தி ஒரு வழி தருகிறது. கட்சி வேட்பாளர்கள் எல்லோருக்கும் அந்தத் தேர்தலுக்கு மட்டும் ஒரே சின்னம் கேட்கலாம். சட்டமன்றத் தேர்தல் என்றால் மொத்தத் தொகுதிகளில் 5 விழுக்காட்டில் போட்டியிட வேண்டும். தமிழ்நாட்டின் 234-க்கு அது 12 தொகுதி. மக்களவை என்றால் குறைந்தது 2 தொகுதி. 2024-இல் திருச்சியில் மட்டும் நின்ற ம.தி.மு.க.வுக்குப் பம்பரம் கிடைக்காமல் போனதற்கு இந்த இரண்டு தொகுதிக் கணக்கும் ஒரு காரணம். துரை வைகோ தீப்பெட்டியில் நின்று வென்றார்.

விண்ணப்பத்தில் ஆணையத்தின் சுயேச்சைச் சின்னப் பட்டியலிலிருந்து விருப்ப வரிசைப்படி 10 சின்னங்களைக் குறிப்பிட வேண்டும். பட்டியலில் இல்லாத புதுச் சின்னம் மூன்றை நீங்களே வரைந்தும் தரலாம். பறவை, விலங்கு கூடாது. மதச் சாயல் கூடாது. இருக்கும் சின்னத்தைப் போல இருக்கவும் கூடாது. முடிந்த நிதியாண்டுகளின் தணிக்கை செய்த கணக்குகள் ஆணையத்துக்குப் போயிருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

இங்கே எல்லாவற்றையும்விட முக்கியம் நாள்காட்டி. அவையின் பதவிக்காலம் முடிவதற்கு 6 மாதம் முன்பு வாசல் திறக்கிறது. தேர்தல் அறிவிக்கைக்கு 5 முழு நாட்கள் முன்பு வரை திறந்திருக்கிறது. தமிழ்நாட்டின் 16-ஆவது சட்டமன்றம் 2021 மே 11 அன்று முதலில் கூடியது. ஐந்தாண்டு முடிவது 2026 மே 10. ஆக, விண்ணப்ப வாசல் திறந்தது 2025 நவம்பரில். திறக்கும் நாளிலேயே டெல்லியில் உங்கள் ஆள் கோப்போடு நிற்க வேண்டும். ஏனென்றால் முதலில் கேட்டவருக்கே முதல் உரிமை.

இதற்கு நாம் தமிழர் கட்சியின் அனுபவத்தைவிடப் பெரிய பாடம் இல்லை. 2019, 2021 இரண்டு தேர்தல்களிலும் கரும்பு விவசாயியை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தார்கள். 2024-இல் அதே சின்னத்தைக் கர்நாடகத்தைச் சேர்ந்த ஒரு கட்சி முந்திக்கொண்டு கேட்டு வாங்கிவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயும் பலனில்லை. மைக் சின்னத்தில் நின்றார்கள். அந்தக் கட்சியின் அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். ஐந்து வருடம் உழைத்துப் பதியவைத்த ஓர் உருவம் தேதி வரிசையில் கைமாறுவது எந்தக் கட்சிக்கும் நியாயமில்லை என்பதே என் கருத்து. சட்டம் மாறும் வரை நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வழியில்லை.

படி 5: படிவம் ஏ, படிவம் பி

சின்னம் ஒதுக்கியாயிற்று என்பதால் வேட்பாளருக்கு அது கிடைத்துவிடாது. அவர் உங்கள் கட்சிக்காரர் என்பதை இரண்டு தாள்கள்தான் சொல்ல வேண்டும். படிவம் ஏ: கட்சி சார்பில் வேட்பாளரை அறிவிக்க யாருக்கு அதிகாரம் என்பதும் அவரது மாதிரிக் கையொப்பமும். படிவம் பி: அந்த அதிகாரம் பெற்றவர், இன்னார்தான் எங்கள் வேட்பாளர் என்று எழுதித் தருவது. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் கையில் இருக்க வேண்டும். கையொப்பம் மையில் இருக்க வேண்டும். ரப்பர் ஸ்டாம்ப், அச்சிட்ட கையொப்பம், ஸ்கேன் எடுத்த நகல் எதுவும் செல்லாது. நீல மைப் பேனாவையே பயன்படுத்துங்கள். கறுப்பு மையில் போட்டால் அசலா நகலா என்று மேசையில் ஒரு விவாதம் எழும், அந்த நேரத்தில் அது வேண்டாம்.

சட்டமன்றத்துக்கான வேட்புமனு படிவம் 2பி. அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு அதன் முதல் பகுதி, ஒரு முன்மொழிபவர் போதும். உங்களுக்கு இரண்டாம் பகுதி, அதே தொகுதி வாக்காளர்கள் 10 பேர் முன்மொழிய வேண்டும். பத்தில் ஒருவர் பக்கத்துத் தொகுதிக்காரர் என்று பரிசீலனையில் தெரிந்தால் மனு போய்விடும். படி 2-இல் போட்ட எக்செல் இங்கே மறுபடி கைகொடுக்கும்.

அங்கீகாரம் எப்போது?

மாநிலக் கட்சியாக ஐந்து வழிகள் இருக்கின்றன, ஏதாவது ஒன்று போதும். சட்டமன்றத் தேர்தலில் 6 விழுக்காடு வாக்கும் 2 உறுப்பினர்களும். அல்லது மக்களவைத் தேர்தலில் மாநிலத்தில் 6 விழுக்காடும் ஓர் உறுப்பினரும். அல்லது சட்டமன்ற இடங்களில் 3 விழுக்காடு அல்லது 3 இடம், எது அதிகமோ அது. அல்லது மாநிலத்தின் மக்களவை இடங்களில் ஒவ்வொரு 25-க்கும், மிச்சமிருந்தால் அந்த மிச்சத்துக்கும் ஒன்று வீதம். அல்லது வெற்றியே இல்லாவிட்டாலும் 8 விழுக்காடு வாக்கு.

2024 மக்களவைத் தேர்தல் இதைத் தெளிவாகக் காட்டியது. விடுதலைச் சிறுத்தைகள் கட்சி பானைச் சின்னத்தில் சிதம்பரம், விழுப்புரம் இரண்டிலும் வென்றது. தமிழ்நாட்டின் 39 இடங்களில் முதல் 25-க்கு ஒன்று, மிச்சம் 14-க்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் 2 இடம், ஆக நான்காவது வழி. நாம் தமிழர் ஓர் இடமும் பெறவில்லை. 8 விழுக்காட்டைத் தாண்டிய வாக்கால் ஐந்தாவது வழியில் நுழைந்தது. ஒருவர் கூட்டணிக்குள் இடம் வாங்கி, மற்றவர் தனித்து நின்று வாக்குச் சேர்த்து, ஒரே தேர்தலில் ஒரே தகுதியை அடைந்தார்கள்.

ஒதுக்கப்பட்ட சின்னம்கூடக் கட்சியின் சொத்தல்ல. கட்சி பிளந்தால் 15-ஆவது பத்தியின்படி ஆணையம் முடிவு செய்யும். 1989-இல் அ.தி.மு.க.வின் இரு அணிகள் சேவலிலும் இரட்டைப் புறாவிலும் நின்றன. 2017-இல் இரட்டை இலை முடக்கப்பட்டு நவம்பரில்தான் திரும்பியது. அதே டிசம்பரில் ஆர்.கே. நகரில் டி.டி.வி. தினகரன் சுயேச்சையாகக் குக்கர் சின்னத்தில் வென்றார்.

புதுப்பிப்பு: படித்தவர்கள் சிலர் உள்ளாட்சித் தேர்தல் பற்றிக் கேட்டிருந்தார்கள். அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம்; டெல்லியில் வாங்கிய பொதுச் சின்னத்தை நம்பி அங்கே போக வேண்டாம், தனியாகக் கேளுங்கள். ஊராட்சித் தலைவர், ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னமே கிடையாது.

இன்னொரு புதுப்பிப்பு: பதிவு பெற்றதும் கோப்பைப் பரணில் போட்டுவிடாதீர்கள். ஆறு ஆண்டுகளாக எந்தத் தேர்தலிலும் போட்டியிடாத கட்சிகளை ஆணையம் 2025 ஆகஸ்டில் 334, செப்டம்பரில் 474 எனப் பட்டியலிலிருந்து நீக்கியது. தமிழ்நாட்டுக் கட்சிகளும் அதில் உண்டு. ஓர் இடைத்தேர்தலிலாவது வேட்பாளரை நிறுத்துங்கள். தணிக்கைக் கணக்கையும் முகவரி, நிர்வாகிகள் மாற்றத்தையும் அவ்வப்போது அனுப்பி, அனுப்பிய ரசீதை அதே கோப்பில் கட்டி வையுங்கள். அடுத்த பொதுச் சின்ன விண்ணப்பத்தில் முதலில் கேட்கப்படுபவை இவைதான்.