போல் வால்ட்: பிடியை ஏற்றுவதா, கம்பை மாற்றுவதா?

கம்பை ஊன்றி உயரம் தாண்டும் போல் வால்ட்டில், ஓட்டத்தில் வேகம் கூடுவதற்கு முன்பே பிடியை, அதாவது கம்பில் கை பிடிக்கும் இடத்தை, மேலே ஏற்றிவிடுவதுதான் வளரும் வீரர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அதனால் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். கம்பு ஊன்றும் பெட்டியின் ஆழம் 20 செ.மீ. கம்பில் 4 மீட்டரில் பிடித்தால் உங்கள் மேல்கை (கம்பில் மேலே பிடித்திருக்கும் கை) தரையிலிருந்து 3.80 மீட்டர் உயரத்துக்குத்தான் போகும். 4.20 தாண்ட வேண்டுமென்றால் மீதி 40 செ.மீ. உங்கள் வீச்சிலும் கடைசித் தள்ளலிலும் வர வேண்டும். இந்த வித்தியாசம் வளராமல் பிடி மட்டும் ஏறினால் பயனில்லை.

கம்பில் நீளமும், அது எத்தனை பவுண்டு எடைக்கானது என்பதும் எழுதியிருக்கும். 60 கிலோ ஆளின் எடை 132 பவுண்டு. கற்றுக்கொள்பவர் அதற்குக் குறைந்த கம்பைத் தொடவே கூடாது. கம்பு எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் ஃப்ளெக்ஸ் எண்ணும் இருந்தால், ஒரே நீளக் கம்புகளில் எண் குறையக் குறைய விறைப்பு அதிகம்.

முதல் சில வாரம் கம்பை வளைக்கவே வேண்டாம். தாழ்வான பிடி, ஆறு ஸ்டெப் ஓட்டம், நேர்க்கம்பு, அவ்வளவுதான். வலது கைக்காரர் வலது கையை மேலே வைத்து இடது காலில் எழும்ப வேண்டும். கடைசி மூன்று ஸ்டெப்பில் கம்பு இடுப்பிலிருந்து காதோரம் வந்து தலைக்கு மேலே போய்விட வேண்டும். பக்கவாட்டில் ஒருவரை நிற்கவைத்து மொபைலில் படம் எடுங்கள். எழும்பும் நொடியில் மேல்கையிலிருந்து நூல் தொங்கவிட்டால் அது இடது கால் விரலைத் தொட வேண்டும். கால் அதற்கும் முன்னே, பெட்டிப் பக்கம் போயிருந்தால் தோள் வெடுக்கென்று பின்னால் இழுபடும், வேகம் அங்கேயே செத்துவிடும். அப்போது மாற்ற வேண்டியது ஓட்டம் தொடங்கும் குறியை. காலுக்கும் நூலுக்கும் எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு பின்னுக்கு.

கால் சரியாக இருந்தும் கம்பு நிமிராமல் உங்களை ஓடுபாதைக்கே திருப்பி அனுப்பினால், பிடியை 10 செ.மீ. இறக்குங்கள். மாறாக, மெத்தையின் உள்ளே வெகுதூரம் தூக்கி எறிந்தால் கம்பு உங்களுக்கு மென்மையாகிவிட்டது. அடுத்த விறைப்புக்கு மாறுங்கள், அதே பிடியில். பிடியை ஏற்றுவது அதற்கு அப்புறம்.

தாண்ட வேண்டிய குறுக்குக் கம்பியைப் பெட்டியின் பின்விளிம்பிலிருந்து மெத்தைப் பக்கம் 80 செ.மீ. வரை உள்ளே தள்ளலாம். ஏறும்போது கம்பியில் இடித்தால் உள்ளே தள்ளுங்கள். தாண்டிய பிறகு இறங்கும்போது தட்டினால் பெட்டிப் பக்கம் கொண்டுவாருங்கள். கற்றுக்கொள்பவர்கள் 45 செ.மீ.க்குக் கீழே வரவே வேண்டாம், பெட்டியில் விழுவது விளையாட்டல்ல.

போட்டியில் தொடக்க உயரத்தை அடக்கமாகத் தேர்ந்தெடுங்கள். தொடர்ந்து மூன்று தவறினால் ஆட்டம் முடிந்தது. உலக சாதனையை 35 முறை படைத்த செர்கேய் புப்காவே 1992 பார்சிலோனாவில் ஓர் உயரத்தைக்கூடத் தாண்டாமல் வெளியேறினார். ஸ்வீடன் வீரர் டுப்ளான்டிஸ் உலக சாதனையில் 2020இல் 6.17 மீட்டரில் தொடங்கி 2025 டோக்கியோவில் 6.30 வரை ஏறியதும் ஒவ்வொரு சென்டிமீட்டராகத்தான்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் கம்பை விரலால் தடவிப் பாருங்கள். ஸ்பைக் ஷூ பட்ட கீறல், ஆழ்ந்த வெட்டு எது தெரிந்தாலும் அந்தக் கம்பை ஒதுக்கிவிடுங்கள். டேப் சுற்றிச் சமாளிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வளையும்போது கண்ணாடியிழை முறிவது அந்த இடத்தில்தான்.