டர்போ காரில் பிரீதர் ஆயில் புகையைக் குறைப்பது எப்படி? கேட்ச் கேன் பொருத்தும் முறை

டர்போ பெட்ரோல் காரில், டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் பைப்பைக் கழற்றினால் உள்ளே மெல்லிய ஆயில் படலம் இருக்கும். அது இயல்பு. ஆயில் விரலில் வழிகிற அளவுக்கு இருந்தாலோ, பானெட்டைத் திறந்ததும் ஆயில் நெடி மூக்கில் ஏறினாலோ, அந்த நெடி ஏசி வழியாகக் காருக்குள் வந்தாலோ, எஞ்சினுக்குள் சேரும் புகை வெளியேறும் வழியான பிரீதரைக் கவனிக்க வேண்டும். போலோ ஜிடி டிஎஸ்ஐ, பலேனோ ஆர்எஸ், ஐ20 என் லைன், ஆக்டேவியா விஆர்எஸ் போன்ற வண்டிகளை ரீமேப் செய்து (எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி) ஓட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை சீக்கிரமே வரும். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், பிரீதர் பக்கம் இதுவரை போனதில்லை என்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: புகையை அடைக்கக் கூடாது. அதைத் தடையில்லாமல் போக விட்டு, போகிற வழியில் ஆயிலை மட்டும் பிரிக்க வேண்டும். அப்படிப் பிரிந்த ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பாதான் கேட்ச் கேன். கீழே சொல்லப்படும் அளவுகள் எல்லாம் இதற்காகத்தான்.

புகை வரும் வழி

பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே கிராங்க் சுற்றும் அறைக்குள் (கிராங்க்கேஸ்) இறங்கும். ஒர்க்ஷாப்பில் இதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். கிராங்க் சுற்றும்போது தெறிக்கும் ஆயில் துளிகள், எரியாத பெட்ரோல், நீராவி எல்லாம் அதோடு கலந்துவிடும். இவை வெளியேற டர்போ எஞ்சினில் இரண்டு வழிகள் உண்டு. ஐடிலிலும் மெதுவாக ஓடும்போதும் இன்டேக் மேனிஃபோல்டில் வேக்கம் இருக்கும், அதனால் பிசிவி வால்வு வழியாகப் புகை அங்கே உறிஞ்சப்படும். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறியதும் மேனிஃபோல்டில் அழுத்தம் வந்து, ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வு மூடிக்கொள்ளும். அப்போது எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவரிலிருந்து டர்போவுக்கு முன்னால் உள்ள இன்டேக் பைப்புக்குப் போகிற ஹோஸ் ஒன்றுதான் வழி. ரீமேப்பில் பூஸ்ட் கூடினால் கீழே இறங்கும் வாயுவும் கூடும். ஹோஸ் மட்டும் கம்பெனி போட்ட அதே அளவில்தான் இருக்கும்.

இப்படிப் போகும் ஆயில் இன்டர்கூலரில் தேங்கும். சிலிண்டருக்குள் போனால் பெட்ரோலின் ஆக்டேன் பலத்தைக் குறைத்து நாக்கிங்கை (கலவை நேரம் தப்பி வெடிப்பதை) வரவழைக்கும், உடனே எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியு இக்னிஷன் டைமிங்கைக் குறைத்துவிடும், பிக்கப் போய்விடும். டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சினில் இதைவிட மோசம். பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் அடிக்கப்படுவதால் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ எதுவும் இல்லை. அங்கே படியும் ஆயில் கருகிக் கார்பனாக இறுகிவிடும்.

முதலில் எஞ்சினைச் சோதியுங்கள்

இதைத் தாண்டிப் போய் நேரே கேன் வாங்குபவர்கள்தான் அதிகம். எஞ்சினின் உண்மையான நிலை இங்கேதான் தெரியும், ஆகவே அவசரப்பட வேண்டாம்.

டிப் ஸ்டிக்கில் தொடங்குங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், புகை கூடும். சிலருக்கு அரை லிட்டர் ஆயிலை வெளியே எடுத்ததுமே பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்தது கையுறைச் சோதனை. எஞ்சின் சூடானபின் ஐடிலில் ஓடும்போது ஆயில் கேப்பைத் திறந்து, மெல்லிய ரப்பர் கையுறையை அந்த வாயின்மேல் இறுக்கிப் பிடியுங்கள். கையுறை லேசாக உள்ளே இழுக்கப்பட்டால் சரி. வெளியே உப்பினால் வழி எங்கோ அடைத்திருக்கிறது, அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது. கேப்பைத் திறக்கவே விடாமல் பலமாக இழுத்து, எஞ்சினிலிருந்து விசில் போலச் சத்தமும் வந்தால் பிசிவியின் டயாஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். கேப்பைத் திறந்ததும் ஐடில் கொஞ்சம் தடுமாறுவது பல வண்டிகளில் இயல்புதான்.

சந்தேகம் தீரவில்லையென்றால் லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவை அளப்பது) செய்யச் சொல்லுங்கள். கசிவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல எஞ்சின். 20-ஐத் தாண்டி, ஆயில் கேப் வாயில் காற்றுச் சத்தம் கேட்டால் ரிங் போய்விட்டது. அந்த எஞ்சினில் கேன் போடுவது நோயை மறைக்கும் வேலை. ரிங் வேலையை முடித்துவிட்டுக் கேனுக்கு வாருங்கள்.

குமரி மாவட்டத்தில் மழைக்காலத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஆயில் கேப்பின் அடியில் மோர் நிறத்தில் கொழகொழப்பாக இருக்கிறதே, ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா? வடசேரியிலிருந்து கோட்டாறு வரை மட்டும் ஓட்டி நிறுத்தும் வண்டியில் ஆயில் முழுச் சூட்டுக்கு வராது. நீராவி வெளியேறாமல், சோற்றுப்பானை மூடியில் தங்குவது போலக் கேப்பில் தங்கி ஆயிலோடு கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்து, கூலன்ட்டும் குறையாமல் இருந்தால் பயம் இல்லை. டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

வாங்க வேண்டியவை

கேன் 500 முதல் 750 மில்லி கொள்ளளவில், உள்ளே தடுப்புத் தகடும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வலையும் உள்ளதாக இருக்க வேண்டும். உள்ளே வெறும் டப்பாவாக இருந்தால் ஒரு வழியாக வந்த புகை அப்படியே மறு வழியாகப் போய்விடும். அடியில் டிரெயின் வால்வு உள்ளதையே தேர்ந்தெடுங்கள்.

ஹோஸ் 2 மீட்டர் போதும். உள் விட்டம் கம்பெனி ஹோஸுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும், பொதுவாக 16 அல்லது 19 மில்லிமீட்டர் பொருந்தும். ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். ரேடியேட்டர் ஹோஸ் வேண்டவே வேண்டாம். அது ஈபிடிஎம் ரப்பர், ஆயில் பட்டால் ஊறி உப்பிவிடும். சாதாரண சிலிக்கான் ஹோஸ் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சில மாதங்களில் ஆயில் அதன் சுவர் வழியாகவே கசியும்.

கிளிப், போல்ட், பிராக்கெட் மூன்றும் எஸ்.எஸ். ஆக இருக்கட்டும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டியில் இரும்புக் கிளிப் ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்து இறுகிவிடும். படகு எஞ்சின் சாமான் விற்கும் கடைகளில் நல்ல கிளிப்புகள் கிடைக்கும். இவற்றோடு உங்கள் வண்டியின் பிரீதர் வாய்க்குப் பொருந்தும் அடாப்டர் இரண்டு வேண்டும். கம்பெனி ஹோஸை வெட்டாதீர்கள், தனியே எடுத்து வையுங்கள்.

பொருத்துதல்

முதல் கேனை டேப்பட் கவரிலிருந்து டர்போ இன்டேக் பைப்புக்குப் போகும் வழியில் மட்டும் போடுங்கள். பிசிவி வழியைத் தொட வேண்டாம். அங்கே போடும் கேன் வேக்கத்தையும் தாங்க வேண்டும், பூஸ்ட் திரும்பி வராமல் இருக்கத் தனிச் செக் வால்வும் வேண்டும். அது அடுத்த கட்டம்.

1. கேனை வண்டியில் ஏற்றும் முன்பே சோதியுங்கள். ஒரு வாயைக் கட்டைவிரலால் மூடி, மறு வாயில் ஊதி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் ஓ ரிங்கைச் சரிசெய்யுங்கள்.

2. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் இருந்து பழகிய பிளாஸ்டிக் கனெக்டர் நொறுங்கும் தன்மையில் இருக்கும். பக்கவாட்டில் நெம்பாமல், லாக்கை அழுத்தி நேராக இழுங்கள். கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

3. இடம் பாருங்கள். டர்போவுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் தள்ளி, காற்றுப் படும் இடம் வேண்டும். கேன் குளிர்ச்சியாக இருந்தால்தான் ஆவி துளியாகும். கை போய் டிரெயின் வால்வைத் திறக்க முடிகிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் பிறகு யாரும் திறக்க மாட்டார்கள். பிராக்கெட்டின் எம்6 போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும்.

4. டேப்பட் கவரிலிருந்து வரும் ஹோஸ் கேனின் ‘இன்’ வாய்க்கு, இன்டேக் பைப்புக்குப் போகும் ஹோஸ் ‘அவுட்’ வாய்க்கு. மாற்றிப் போட்டால் பெரிய கேடு. பல கேன்களில் ‘இன்’ வாயின் குழாய் உள்ளே தடுப்புத் தகட்டுக்குக் கீழ்வரை இறங்கியிருக்கும். அந்த வழியாக உறிஞ்சினால் சேர்ந்த ஆயில் மொத்தமும் டர்போவுக்குள் போகும்.

5. ஹோஸ் எங்கும் தொங்கி வளையக் கூடாது. தொங்கும் இடத்தில் ஆயிலும் தண்ணீரும் தேங்கி வழியை அடைக்கும். திருப்பத்தில் மடிப்பு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. எஞ்சினை ஓட்டி, கையுறைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். முன்பு இருந்த அதே இழுவை இருக்க வேண்டும். உப்பினால் ஹோஸின் அளவோ கேனின் வாயோ சிறியது. அப்படியே ஓட்டாதீர்கள்.

கேனின் மேலே சின்ன ஃபில்டர் மாட்டி வெளிக்காற்றில் விடச் சொல்பவர்கள் உண்டு. ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது சரி. சாலையில் ஓடும் பி.எஸ். 6 வண்டியில் கிராங்க்கேஸ் புகை வெளியே வரக் கூடாது என்பது விதி. அந்தப் புகை உங்கள் கேபினுக்குள்ளேயே வரும் என்பது வேறு.

ஓட்டிப் பார்க்க ஆரல்வாய்மொழிக் கணவாய் நல்ல இடம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை எதிர்த்துக் காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் நோக்கி வந்தால், வேக வரம்பை மீறாமலே எஞ்சினுக்குச் சுமை கிடைக்கும். வந்ததும் பானெட்டைத் திறந்து மூட்டுகளில் ஈரம் தெரிகிறதா, டிப் ஸ்டிக் மேலே எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

தவறாகப் போகும் இடங்கள்

மிக அதிகம் நடப்பது, கையில் கிடைத்த 10 மில்லிமீட்டர் பெட்ரோல் ஹோஸை மாட்டிவிடுவது. கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி டிப் ஸ்டிக் எழும்பும், கிராங்க் ஆயில் சீல் கசியும். டர்போவின் ஆயில் தன் எடையால் மட்டுமே கீழே ஆயில் தேங்கும் சம்ப்புக்குத் திரும்புகிறது. கீழே அழுத்தம் இருந்தால் அது இறங்காமல் டர்போ சீல் வழியாகக் கசிந்து சைலன்சரில் நீலப்புகையாக வரும். இதைப் பார்த்து நல்ல டர்போவையே மாற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

இன்டேக் பக்கக் கிளிப் தளர்ந்தால், ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் அது அளக்காத காற்று உள்ளே போகும். ஐடில் ஏறி இறங்கும், பி0171 கோடு (காற்று கூடி, பெட்ரோல் குறைந்தது என்ற எச்சரிக்கை) வரும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைக் கேனுக்குள் திணிப்பது அதைவிட ஆபத்து. ஒரு கம்பி அறுந்து போனாலும் போய்ச் சேருமிடம் டர்போவின் கம்ப்ரஸர் வீல்.

பராமரிப்பு

முதல் 500 கிலோமீட்டரில் கேனைத் திறந்து பாருங்கள், பிறகு 1000-க்கு ஒருமுறை. மழைக்காலத்தில் சீக்கிரம் நிறையும், பெரும்பாலும் தண்ணீர்தான். கேனில் சேர்ந்தது நீர்த்து, பெட்ரோல் வாடை பலமாக அடித்தால் எஞ்சின் ஆயிலிலும் பெட்ரோல் கலந்திருக்கிறது, ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறையுங்கள். 1000 கிலோமீட்டரில் பாதிக் கேன் கருப்பு ஆயில் சேர்ந்தால் லீக் டவுன் டெஸ்ட்டுக்குத் திரும்புங்கள்.

ஆயில் வாங்கும்போது கம்பெனி சொன்ன கிரேடுக்குள்ளேயே நோவாக் எண் குறைந்ததைத் தேடுங்கள். 250 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரத்தில் ஆயில் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்பதை அந்த எண் சொல்லும். ஏசிஇஏ சி3 என்ற ஐரோப்பிய ஆயில் தரத்தில் உச்சவரம்பு 13. எண் 10-க்குக் கீழே உள்ள ஆயிலில் ஆவி குறையும்.

கேனில் சேர்ந்ததை மறுபடி எஞ்சினில் ஊற்றாதீர்கள். அதில் பெட்ரோல் இருப்பதால் தீப்பிடிக்கும், மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்ஷாப்பில் கொடுங்கள். ஓடையிலோ குளத்திலோ ஊற்றினால் அது பழையாற்றில்தான் போய்ச் சேரும். ஆயில் மாற்றும்போதெல்லாம் வலையை டீசலில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.