வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பேபிஸ் பிரெத்: தையில் விதைத்துப் பங்குனியில் பறிக்கலாம்

திருமண மேடையிலும் பூங்கொத்திலும் ரோஜாவுக்குப் பின்னால் வெண்புகை போலப் படர்ந்திருக்கும் பேபிஸ் பிரெத்தைச் சிங்கப்பூரில் வளர்க்க விரும்புவோர், முதலில் எந்த வகையை வளர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பூக்கடையில் விற்பது பெரும்பாலும் ஜிப்சோஃபிலா பானிகுலேட்டா என்ற பல்லாண்டுச் செடி. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியா வரை நீளும் வறண்ட புல்வெளிகள் அதன் தாயகம். சுண்ணாம்பு கலந்த மண், கடுங்குளிர்காலம், அதன்பின் வரும் நீண்ட கோடைப் பகல் ஆகியவற்றுக்குப் பழகிய செடி அது. நிலநடுக்கோட்டை ஒட்டிய கென்யாவும் எக்குவடோரும் அதை ஏற்றுமதிக்காகப் பயிரிடுகின்றன என்றாலும், அந்தப் பண்ணைகள் குளிர்ந்த மலைப்பகுதிகளில் இருக்கின்றன; இரவில் மின்விளக்கு வைத்துப் பகலை நீட்டித்தே அங்கு பூக்க வைக்கிறார்கள். இரவிலும் 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதிகம் இறங்காத நம் தீவில் அதற்காகப் பணம் செலவிடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நமக்கு ஏற்றது ஜிப்சோஃபிலா எலிகன்ஸ் என்ற ஓராண்டு வகை. ‘கோவென்ட் கார்டன்’ என்ற பெயரில் இதன் வெள்ளைப்பூ விதைகள் எளிதில் கிடைக்கும். முக்கால் முழத்திலிருந்து ஒரு முழம் வரை வளரும் இச்செடி, விதைத்த எட்டு அல்லது ஒன்பது வாரங்களில் பூத்து, சில வாரங்களில் தன் வாழ்வை முடித்துக்கொள்ளும். ஆகவே இதை நிரந்தரச் செடியாகக் கருதாமல், கீரையைப் போல ஒரு பருவத்துப் பயிராகக் கருதி விதைப்பதே சரி.

அந்தப் பருவம் எது என்பதை மழைதான் தீர்மானிக்கிறது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் ஜனவரியிலும் கொட்டித் தீர்த்தபின், பிப்ரவரியிலிருந்து மார்ச் முற்பகுதி வரை ஓரளவு வறண்ட காலம் வருகிறது. பொங்கல் முடிந்த கையோடு வீட்டுக்குள் விதைத்தால், நாற்றுகள் வெளியே போகும்போது மழை ஓய்ந்திருக்கும். பங்குனி பிறக்கும்போது பூ பறிக்கலாம். பத்து, பதினைந்து நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு தொட்டிகளில் விதைத்து வைத்தால் பூ ஒரேயடியாக வந்து தீர்ந்துபோகாது.

இச்செடியின் பெரும்பகை வேரில் தேங்கும் ஈரம். கடையில் பையில் விற்கும் மண்கலவையில் பீட்டும் (சதுப்புநிலத்தில் மக்கிய தாவரப் பொருள்) தேங்காய்நார்த் தூளும் மிகுந்திருப்பதால், அதை அப்படியே பயன்படுத்தினால் நம் மழைக்காற்றில் நாள்கணக்கில் ஈரம் காயாது. இரண்டு பங்கு மண்கலவைக்கு ஒரு பங்கு பெர்லைட் (நீர் வடிய உதவும் இலேசான வெண்கல் துகள்), ஒரு பங்கு பருமணல் என்ற அளவில் கலந்து, தோட்டச் சுண்ணாம்புத் தூளைப் பொட்டலத்தில் குறித்துள்ள அளவுக்குச் சேர்க்க வேண்டும். மண்ணின் அமிலகாரக் குறியீடு (pH) 7 முதல் 7.5 வரை இருப்பது நல்லது. முட்டை ஓட்டை நொறுக்கிப் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது மக்கிச் சுண்ணச்சத்து வெளிப்படுவதற்குள் இந்தச் செடியின் ஆயுள் முடிந்துவிடும். ஆணிவேர் ஆழமாக இறங்கும் என்பதால், 25 முதல் 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேரைக் கலைத்தால் செடி வாடும் என்பதால் பிடுங்கி நடுவதைத் தவிர்த்து, பூக்கப்போகும் தொட்டியிலேயே விதைக்க வேண்டும். கடுகைவிடச் சிறிய விதைகளை ஈர மண்ணின் மேல் தூவி, மெல்லிய மணலால் மூடினால் போதும். அதிக வெப்பத்தில் முளைப்பு குறையும். முளைவிடும் வரையில் இரவில் குளிர்சாதனம் இயங்கும் அறையில் வைத்துக்கொள்வது பலன் தரும். பத்து, பதினான்கு நாள்களில் முளைத்தவற்றுள் வலுவானவற்றை ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாக விட்டு, மற்றவற்றைக் கிள்ளிவிடலாம். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும்.

சூரிய ஒளி நாளுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். காலை வெயில் விழும் கிழக்குப் பக்கத் தாழ்வாரம் மிகப் பொருத்தம். இங்கே ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரத்தைச் சற்றே தாண்டுகிறது. இச்செடிக்கோ நீண்ட பகல்தான் பிடிக்கும். ஆகையால் மாலையில் ஒரு செடிவளர்ப்பு எல்இடி விளக்கை எரியவிட்டு, மொத்த ஒளிநேரத்தை 15, 16 மணியாக உயர்த்தினால் பூப்பது துரிதமாகும். விளக்கின் ஒளியில் தொலைச்சிவப்பும் (சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளி) கலந்திருப்பது நல்லது.

மேல்மண் ஒரு விரற்கடை ஆழத்துக்குக் காய்ந்தபின்பே நீர் ஊற்ற வேண்டும். அதையும் காலையில், இலைகளை நனைக்காமல், அடியில் ஊற்ற வேண்டும். தழைச்சத்து மிகுந்த உரம் இலையைப் பெருக்கிப் பூவைக் குறைக்கும், தண்டையும் துவளச் செய்யும். நாற்று நான்கு விரல் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால், பூப்பது சில நாள் தள்ளிப்போனாலும் கிளைகள் பெருகும். தண்டு மெலிந்தது என்பதால் தொட்டியைச் சுற்றி நான்கைந்து குச்சிகள் நட்டு நூல் கட்டிவிடுவது அவசியம். இலைப்பேனும் சிலந்திப்பேனும் வரக்கூடும். இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்த்து, கண்டவுடன் பூச்சிக்கொல்லிச் சோப்புக் கரைசலைத் தெளிக்கலாம்.

தொட்டியைத் தாழ்வாரச் சுவரின் மேல் வைக்கக் கூடாது, நடப்பதற்கு 1.2 மீட்டர் அகலம் விட்டே அடுக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காமலிருப்பது வேருக்கும் நல்லது, ஏடிஸ் கொசுவுக்கும் இடமளிக்காது.

கொத்தில் ஏறத்தாழப் பாதிப் பூக்கள் விரிந்ததும், வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும். மொட்டாக வெட்டினால் பல மொட்டுகள் விரியாமலே கருகும். தண்டைச் சாய்வாக வெட்டி, நீரில் மூழ்கும் இலைகளை உருவிவிட்டு, இரண்டு மணி நேரம் நிழலில் ஆழமான நீரில் நிற்கவைத்தபின் குவளையில் அடுக்கலாம். பழுக்கும் கனிகளிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு இப்பூவைச் சுருங்கச் செய்யும்; பூசை மாடத்தில் வாழைப்பழத் தட்டுக்கு அருகில் வைத்த கொத்து விரைவில் வாடுவதற்கு இதுவே காரணம். குவளை நீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்ற வேண்டும். பூவின் வாடை இனிமையானதன்று. மூடிய அறையில் பெரிய கொத்தாக வைத்தால் புளித்த நெடி தெரியும், ஆகவே மல்லிகைச் சரத்தோடு சேர்த்துத் தலையில் சூட நினைப்பவர்கள் ஒருமுறை முகர்ந்து பார்த்து முடிவெடுக்கலாம். செடியின் சாறு சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும். பூனை தின்றால் வாந்தி எடுக்கக்கூடும்.

உலர்த்த விரும்பினால், பூக்கள் முழுதும் விரிந்தபின் வெட்டி, சிறு கட்டுகளாகத் தலைகீழாக, இருட்டான இடத்தில் தொங்கவிட வேண்டும். நம் ஈரக்காற்றில் தாழ்வாரத்தில் தொங்கவிட்டவை பழுப்பேறிப் பூசணம் பிடிக்கும். குளிர்சாதன அறையிலோ ஈரம் நீக்கும் கருவிக்கு அருகிலோ தொங்கவிட்டால் இரண்டு, மூன்று வாரங்களில் வெண்மை கெடாமல் காய்ந்துவிடும். மீந்த விதைகளைக் காற்றுப்புகாத டப்பியில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அடுத்த தைக்கு உதவும். ஆண்டு முழுவதும் இதே தோற்றம் வேண்டும் என்பவர்கள் ‘டைமண்ட் ஃபிராஸ்ட்’ என்ற யூஃபோர்பியா வகையை வாங்கலாம். அது வெப்பத்தைத் தாங்கி இடைவிடாமல் பூக்கும், ஆனால் வெட்டினால் பால் வடியும் என்பதால் கையுறை அணிந்து கையாள வேண்டும்.