கீமோ ஊசி ஏறும்போது வாயில் ஐஸ்

5-எஃப்யூ எனப்படும் ஃபுளூரோயுராசில் என்ற புற்றுநோய் மருந்தை நரம்பு ஊசியாகச் சில நிமிடங்களில் ஏற்றுவதாக இருந்தால், அதற்கு 5 நிமிடம் முன்பே வாயில் ஐஸ் துண்டுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். மொத்தம் 30 நிமிடம், கரையக் கரையப் புதிதாகப் போட்டு, வாய் முழுக்கச் சுழற்றிக்கொண்டே இருங்கள். பின்னால் வரும் வாய்ப்புண் வெகுவாகக் குறையும்.

காரணம் எளிது. குளிரில் வாயின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். இந்த மருந்து ரத்தத்தில் கொஞ்ச நேரம்தான் வீரியமாக இருக்கும், அந்த நேரத்தில் வாய்க்கு வந்து சேரும் மருந்தின் அளவு குறைந்துவிடுகிறது. ரசம் சாதம்கூட எரியும் நாட்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று!

கொதிக்க வைத்து ஆறிய நீரில் ஐஸ் செய்து, சிறிதாக உடைத்து ஃபிளாஸ்க்கில் எடுத்துப் போங்கள். கூர்மையான முனை வாயைக் கீறாமலிருக்க ஒருமுறை அதே நீரில் அலசிக்கொள்ளலாம். அந்த அரை மணி நேரம் உங்களால் பேச முடியாது, அதனால் கூட வருபவர் நல்ல கதை சொல்லிச் சிரிக்க வைப்பவராக இருந்தால் நேரம் போவதே தெரியாது.

ஆக்சாலிபிளாட்டின் சேர்த்துப் போடுகிறார்கள் என்றால் இது கூடவே கூடாது. அந்த மருந்துக்குக் குளிர் ஆகாது: கை, உதடு மரத்துப்போகும், தொண்டை இறுக்கிப் பிடிப்பது போலிருக்கும். பம்ப் வழியாக இரண்டு நாள் ஏறும் மருந்துக்கும், மாத்திரையாக விழுங்கும் கேபசிட்டபினுக்கும் இந்த வழி உதவாது. எதற்கும் ஊசி போடும் முன் நர்ஸிடம் மருந்தின் பெயரைக் கேட்டுவிடுங்கள்.