குமிழி வந்தாலே வேதியியல் மாற்றமா? வகுப்பில் செய்து பார்க்க நான்கு சோதனைகள்

நிறம் மாறினால், வாயு வந்தால், சூடு தெரிந்தால் அது வேதியியல் மாற்றம். பழையபடி திரும்பி வந்தால் இயற்பியல் மாற்றம். பிள்ளைகள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். கோலி சோடாவை உடைத்து மேசையில் வைத்து "இது எந்த மாற்றம்?" என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். நிறமும் குமிழியும் வெறும் துப்புகள்தான். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: முன்பு இல்லாத புதுப் பொருள் ஏதாவது உண்டாகியிருக்கிறதா? கீழே உள்ள சோதனைகளை அந்தக் கேள்விக்காகவே அடுக்கியிருக்கிறேன்.

முதல் நாளே செய்ய வேண்டியது

வெற்றிலைக் கடையில் கிடைக்கும் சுண்ணாம்பை நெல்லிக்காய் அளவு எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, மூடி வைத்துவிடுங்கள். காலையில் அடியில் வண்டல் படிந்திருக்கும். மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் ஆடாமல் இறுத்து, ஒரு பாட்டிலில் அடைத்துக்கொள்ளுங்கள். இதுதான் சுண்ணாம்பு நீர். திறந்து வைத்தால் காற்று பட்டு மேலே ஏடு கட்டிவிடும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுட்ட சுண்ணாம்புக் கல்லை வாங்கி வந்து வகுப்பில் நீற்றும் வேலை வேண்டாம், அது கொதிக்கும்.

கரும்பலகையில் நான்கு கட்டம் போடுங்கள்: முன்பு என்ன இருந்தது, என்ன செய்தோம், என்ன பார்த்தோம், புதிதாக என்ன வந்தது. கடைசிக் கட்டத்தை விவாதம் முடியும்வரை காலியாக விடுங்கள்.

சோதனை 1: உப்பும் சர்க்கரையும்

ஒரு கரண்டி உப்பைத் தண்ணீரில் கரைத்துத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். மாலைக்குள்ளோ மறுநாளோ உப்பு திரும்ப வந்துவிடும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சர்க்கரையை ஆசிரியர்தான் சூடாக்க வேண்டும். ஒரு பழைய கரண்டியில் அரைக் கரண்டி சர்க்கரை போட்டு மெழுகுவத்திச் சுடரில் காட்டுங்கள். முதலில் உருகும், பிறகு பழுப்பாகும், கடைசியில் கருகும். புகை வரும்போது குளிர்ந்த எவர்சில்வர் டம்ளரை அதற்கு மேலே பிடியுங்கள். டம்ளரில் நீர்த்துளிகள் அரும்பும். கரண்டியில் மிஞ்சிய கரியில் இனிப்பு கிடையாது, எவ்வளவு ஆறவைத்தாலும் அது சர்க்கரையாகாது. (சுடரிலிருந்தே கொஞ்சம் நீராவி வரும். ஆகவே வெறும் சுடருக்கு மேல் ஒரு முறை டம்ளரைப் பிடித்து ஒப்பிட்டுவிடுங்கள்.)

சோதனை 2: இரண்டு குமிழிகள்

உயரமான டம்ளரில் ஒரு கரண்டி ஆப்ப சோடா போட்டு ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். பொங்கி அடங்கியதும், இரண்டு விரற்கடை சுண்ணாம்பு நீர் உள்ள கண்ணாடிக் குவளையின் மேல் டம்ளரைச் சாய்த்துப் பிடியுங்கள். திரவம் சிந்தக்கூடாது, வாயு மட்டும் இறங்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம் என்பதால் இறங்கும். குவளையை மூடிக் குலுக்கினால் தெளிந்த நீர் பால்போல் வெளுக்கும். அந்த வெண்மை கால்சியம் கார்பனேட். சுண்ணாம்பு அடித்த சுவர் காய்ந்து இறுகும்போது உண்டாவதும் இதேதான்.

அடுத்து கோலி சோடாவை இன்னொரு டம்ளரில் ஊற்றி, நுரைத்ததும் அதே மாதிரி செய்யுங்கள். இதுவும் வெளுக்கும்! "அப்போ இதுவும் வேதியியல் மாற்றம்தானே சார்?" என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். பாடத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது, அவசரப்பட்டு விடை சொல்லிவிடாதீர்கள். முதல் கட்டத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லுங்கள். சோடாவில் அந்த வாயுவை அழுத்தி அடைத்தே அனுப்பியிருக்கிறார்கள். அழுத்தம் குறைந்ததும் வெளியே வருகிறது. எலுமிச்சைச் சாற்றில் அந்த வாயு அடைபட்டு இருக்கவில்லை, ஆப்ப சோடாவிலும் இல்லை. இரண்டும் சேர்ந்த பிறகுதான் உண்டாயிற்று. வந்தது என்ன வாயு என்பதை மட்டுமே சுண்ணாம்பு நீர் சொல்லும். அது புதிதாகப் பிறந்ததா என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

சோதனை 3: ஆரத்தி நிறம்

மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவையுங்கள். அதன்மேல் ஒரு சொட்டு சுண்ணாம்பு நீர் விட்டால் ஆரத்திச் சிவப்பு வரும். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரத்தில் ஒரு வடிவமும் அமிலத்தில் ஒரு வடிவமும் எடுக்கிறது. ஆக, இது வேதியியல் மாற்றம், ஆனால் மீள்கிறது. தாளைக் கிழித்தால் அது இயற்பியல் மாற்றம், ஆனால் மீளாது. "மீண்டால் இயற்பியல், மீளாவிட்டால் வேதியியல்" என்ற சூத்திரத்தை இதோடு கைவிட்டுவிடலாம்.

சோதனை 4: மயில்துத்தமும் ஆணியும்

உரக்கடையில் மயில்துத்தம் (செம்பு உள்ள நீல உப்பு, காப்பர் சல்பேட்) கிடைக்கும். விஷம் என்பதால் பிள்ளைகள் தொடக்கூடாது. சமையல் பாத்திரமும் வேண்டாம். அரைக் கரண்டியை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்த இரும்பு ஆணியை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். துத்தநாகம் பூசிய ஆணியைத் தவிர்க்கவும். அதில் கறுப்பாகப் படிந்து குழப்பும். கால் மணி நேரத்தில் ஆணிமேல் செம்பு நிறம் ஏறும். நீலக் கரைசல் பச்சையாக மாறுவதைப் பார்க்க மறுநாள்வரை பொறுக்க வேண்டும். இரும்பு கரைசலுக்குள் போகிறது, செம்பு வெளியே வருகிறது.

பயிரில் பூஞ்சை நோய் வராமல் தெளிக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்துப் போர்டோ கலவை தயாரிக்கும் விவசாயிகளும் இதைச் செய்கிறார்கள். தீட்டிய கத்தியைக் கலவையில் முக்கி எடுப்பார்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம், இன்னும் சேர்ப்பார்கள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால் வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள்.

முடிந்ததும் கரைசலைச் செடிக்கோ வாய்க்காலுக்கோ ஊற்றாதீர்கள், மீன்களைக் கொன்றுவிடும். பாட்டிலில் அடைத்து, "விஷம்" என்று எழுதி ஒட்டி, அலமாரியில் பூட்டி வையுங்கள். நீல நிறம் மிஞ்சியிருந்தால் அடுத்த வகுப்புக்கு அதையே பயன்படுத்தலாம்.